காப்புக் கட்டிய மோட்டார்

அன்பரசிக்கு ஒயரைக் கண்டாலே ஆகாது. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவளுக்கு ஒயர் ஆகாது என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. அப்புறம்தான் ஓசூரில் அவள் ஏழு வருஷம் பார்த்த வேலையைப் பற்றிச் சொன்னாள். மிஷின் செய்கிற கம்பெனி அது. அங்கே இவளுக்கு பேனல் போடுகிற வேலை. பீரோ உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் ஒவ்வொரு மோட்டாரையும் ஓட்டுகிற டிரைவ், டிரைவ் சூடாகாமல் இருக்க விசிறி. பெட்டியிலிருந்து மோட்டாருக்குக் கரண்டு போக ஒரு தடித்த ஒயர், மோட்டார் எந்த இடத்தில் நிற்கிறது என்று திரும்பி வந்து சொல்ல இன்னொரு ஒயர். ஆறு மோட்டார் இருந்தால் பன்னிரண்டு ஒயர். ஒன்று எங்கேயாவது உரசித் தேய்ந்தால் போதும், மிஷின் நின்றுவிடும். எந்த ஒயர் என்று இவள்தான் தேட வேண்டும். ஏழு வருஷம் தேடியிருக்கிறாள்.

நான் பாலமுருகன். ஆலங்காயத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஓசூர் வேலையை விட்டுவிட்டு வந்து, என் பட்டறையில் பாதி இடம் கேட்டாள் அன்பரசி. நான் இரும்புச் சட்டம் அடிப்பது, அவள் அதில் உயிர் வைப்பது என்று பேச்சு. எனக்கு மோட்டார் என்றால் சுற்றும், சத்தம் போடும், அவ்வளவுதான். மற்றபடி நான் எதற்கும் பயப்படுகிற ஆள். வீட்டில் கேஸ் மூடினேனா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்து பார்ப்பவன். இந்தக் கதையில் நான் பயந்துகொண்டே இருப்பதைப் பார்ப்பீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் பிறந்தது ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் தாண்டி உள்ளே போகிற ஒரு ஊர். அங்கே பெண்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். சாமையைக் குத்தி அரிசியாக்கி, அரைக் கிலோ பாக்கெட்டாகப் போட்டுக் கீழே அனுப்புகிறார்கள். கையால் அள்ளி, கையால் நிறுத்து, கையால் ஒட்டுவது. ஒரு லாட் முடிய ஒரு வாரம் ஆகும். அதற்கு ஒரு பேக்கிங் மிஷின் வேண்டும் என்று குழு முடிவு செய்தபோது, கீழேயிருந்து பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். கட்டடத்தின் கதவைப் பார்த்தார்கள், கடைசிக் கால் கிலோமீட்டர் வண்டி போகாத பாதையைப் பார்த்தார்கள். இந்தக் கதவில் எங்கள் பேனல் நுழையாது என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்கள்.

அன்பரசி மட்டும் நுழையும் என்றாள்.

அப்போதுதான் அந்த மோட்டாரைப் பற்றி எனக்குச் சொன்னாள். மோட்டார், அதன் டிரைவ், அது எங்கே நிற்கிறது என்று பார்க்கிற கண், எல்லாம் ஒரே உடம்புக்குள். சொன்ன இடத்தில் சரியாக நிற்கிற சர்வோ மோட்டார்தான், ஆனால் தன் மூளையைத் தானே சுமக்கிறது. ஒரு மோட்டாரிலிருந்து அடுத்த மோட்டாருக்கு ஒரே ஒரு ஒயர் தாண்டிப் போகும். பீரோ வேண்டாம், டிபன் டப்பா அளவு பெட்டி போதும். எலி கடிக்க அதற்கு மேல் ஒயரே இருக்காது. கெட்டுப்போனால் எது கெட்டது என்று அதுவே சொல்லும். கழற்றி மாற்ற நான்கு போல்ட்டு.

அவளுடைய பழைய மேனேஜரிடம் போனில் கேட்டிருக்கிறாள். மோட்டாரும் டிரைவும் தனித்தனியாக இருந்தால் ஒன்று போனாலும் இன்னொன்று தேறும், ஒன்றாக இருந்தால் ரெண்டும் போகும், மலை மேல் கொண்டுபோய் வைத்துக்கொண்டு மாட்டிக்கொள்ளாதே என்றாராம். எனக்கு அவர் பேச்சுதான் நியாயமாகப் பட்டது. அவள் கேட்கவில்லை. மிஷினுக்கு வேண்டியது ரெண்டு மோட்டார், ஒன்று பிளாஸ்டிக் ரோலை இழுக்க, ஒன்று அரிசியை அளந்து தள்ள. மூன்று வாங்கினாள். மூன்றாவது எதற்கு என்று நான் சண்டை போட்டேன். எது போனாலும் இது உட்காரும் அண்ணே என்றாள்.

தை மாதம் பிறந்து ஒரு வாரத்தில் மிஷினை மேலே ஏற்றினோம். மினி லாரியில் ஜமுனாமரத்தூர், அங்கேயிருந்து டிராக்டர், கடைசியில் ரெண்டு கழி கட்டி எட்டுப் பேர் தோள். கதவில் நுழையும்போது பக்கத்துக்கு ரெண்டு விரல்கடை மிச்சம் இருந்தது. அன்று பாதி நாளில் மாட்டி முடித்துவிட்டாள். பழைய மாதிரி பேனல் என்றால் ஒயர் இழுக்கவே மூன்று நாள் ஆகியிருக்கும் என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். அன்று ராத்திரி அவள் சாப்பிட்டாள், நான் சாப்பிடவில்லை.

ஏனென்றால் குழு ஒரு நிபந்தனை வைத்திருந்தது. குழுவின் செயலாளர் சகுந்தலா, பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி கறாரான அம்மா. முதல் லாட் முப்பது மூட்டை, மூவாயிரம் பாக்கெட். அதை மிஷின் ஒரே மூச்சில் போட வேண்டும். ரோல் மாற்றுவதற்கு நிறுத்தினால் பரவாயில்லை. மற்றபடி ஒரு தடவை நின்றால் மன்னிப்பு, ரெண்டாவது தடவைக்கும் மன்னிப்பு. மூன்றாவது தடவை நின்றால் மிஷின் வந்த வழியே கீழே போகும். எண்ணிக்கை எழுதச் சுவரில் கரும்பலகை மாட்டியிருந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. முந்தின வருஷம் உமி நீக்குகிற மிஷின் ஒன்று வந்திருக்கிறது. அதற்கு ஊர்த் தலைமை பார்க்கிற ஊர்க் கவுண்டர் காப்புக் கட்டினார். எங்கள் பக்கம் திருவிழாவுக்குத்தான் காப்பு. அந்த ஊரில் புதுக் காரியம் எதை ஆரம்பித்தாலும் கட்டுகிறார்கள். மஞ்சள் துணியில் ஒரு மஞ்சள் கிழங்கை முடிந்து கட்டுவது. எடுத்த காரியம் முடிகிற வரைக்கும் அவிழ்க்கக் கூடாது, கட்டிய பொருளை வெறுந்தரையில் வைக்கக் கூடாது. கீழேயிருந்து வந்த இன்ஜினியர், பெல்ட்டில் துணி சிக்கும் என்று அதைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டார். அன்று மத்தியானமே ஒரு பெண்ணுக்கு விரல் போனது. அந்த மிஷின் இன்றைக்கும் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. ஒருத்தரும் கை வைப்பதில்லை.

மிஷினை ஏற்றிய மறுநாள் காலை எட்டு மணி. மலையில் தை மாதக் குளிர் என்ன என்று போனவர்களுக்குத் தெரியும். ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு ஊரே வந்து நின்றது. ஊர்க் கவுண்டர் சின்னதம்பி குளித்து, ஈரத் தலையோடு வந்தார். அறுபது வயசு, அதிகம் பேசாதவர். அன்பரசிக்குப் பெரியப்பா முறை. எது மிஷினுக்கு உயிர் என்று கேட்டார். ரோல் இழுக்கிற மோட்டாரை அன்பரசி காட்டினாள். அவர் சந்தனத்தையும் மஞ்சளையும் கெட்டியாகக் குழைத்து, மோட்டார் முதுகில் இருக்கிற வரி வரியான இடுக்கெல்லாம் நிரம்புகிற மாதிரி ஒரு விரல் கனத்துக்கு அப்பினார். ராப்பகலா ஓடப் போற உடம்பு, குளிர்ச்சியா இருக்கட்டும் என்றார். அதன் மேல் மஞ்சள் துணியை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக் காப்புக் கட்டினார். அன்பரசி கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். நானும் நின்றேன்.

மிஷின் ஓட ஆரம்பித்தது. நிமிஷத்துக்கு இருபது பாக்கெட். ரோல் இறங்க, அரிசி விழ, வாய் ஒட்ட, பொத்தென்று பெட்டியில் விழும். முதல் நூறு பாக்கெட்டுக்குப் பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் வேலையில் இறங்கிவிட்டார்கள். நான் மட்டும் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு நின்றேன். சத்தம் ஒரே சீராக இருந்தாலும் பயம், கொஞ்சம் மாறினாலும் பயம்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். நின்றுவிட்டது.

அன்பரசி திரையைப் பார்த்தாள். ரோல் மோட்டாருக்குச் சூடு அதிகம் என்று வந்திருந்தது. அவள் நம்பவில்லை. வாயைத் திறந்தால் புகை வருகிற குளிரில் மோட்டார் எப்படிச் சூடாகும் என்று என்னிடம் மெல்லக் கேட்டாள். கரண்டு ஏறி இறங்குகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தாள், சரியாக இருந்தது. இருபது நிமிஷம் கழித்துத் திரையில் எச்சரிக்கை அணைந்ததும் வேகத்தைப் பதினைந்தாகக் குறைத்து ஓட்டினாள். சகுந்தலா கரும்பலகையில் ஒரு கோடு போட்டார்.

அதற்குப் பிறகு அன்பரசி திரையை விட்டு நகரவில்லை. மோட்டார் தன் சூட்டைத் தானே எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தது. அறுபது, அறுபத்தெட்டு, எழுபத்தைந்து. பக்கத்தில் இருக்கிற இன்னொரு மோட்டார் நாற்பதைத் தாண்டவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மோட்டாரே பழுதா, நான் வாங்குனதே தப்பா என்று முணுமுணுத்தாள். மேனேஜர் அப்போதே சொன்னாரே என்று என் வாய் வரை வந்தது. நல்லவேளை, விழுங்கினேன்.

தொண்ணூறில் நின்றது. ரெண்டாவது கோடு.

பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம் அடங்கியது. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. திட்டினாலாவது பதில் சொல்லலாம். அன்பரசி மோட்டாரின் மேல் கை வைத்தாள், சுரீரென்று எடுத்தாள். அப்புறம் அந்த மஞ்சள் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போனாள்.

"அண்ணே, ஓசூர்ல ஏழு வருஷமும் ஆயுத பூஜைக்கு மோட்டாருக்குச் சந்தனம் நாந்தான் பூசுவேன். ஒண்ணும் ஆனதில்ல. சூடாவுற டிரைவ் அங்க பேனல்ல இருந்துச்சு, விசிறிக்குக் கீழ. இதுல அது உள்ளயே இருக்குது. அந்த வரிதான் அது மூச்சு வுடுற எடம். எல்லாம் ஒண்ணுக்குள்ள இருக்குதுன்னு ஊர் பூரா நாந்தான் சொன்னேன், எனக்கே ஒறைக்கல பாரு."

துணியை அவிழ்த்து, சந்தனத்தைச் சுரண்டிவிட்டால் முடிந்தது என்றேன். முடியாது என்று அவள் தலையாட்டினாள். காப்பை நடுவில் அவிழ்த்தால் மிஷின் ஓடும், ஆனால் ஒரு பெண்ணும் கை வைக்க மாட்டாள் என்றாள். தார்ப்பாய் போட்டு மூடின மிஷின் ரெண்டு ஆகும். சரி, கவுண்டரிடமே போய் விஷயத்தைச் சொல்லி அவர் கையாலேயே அவிழ்க்கச் சொல்லலாமே என்றேன். அவர் கட்டிய காப்புதான் மிஷினை நிறுத்தியது என்று ஊர் நடுவில் அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன் என்று கேட்டாள். அப்பா செத்த வருஷம் இவள் படிப்பு நின்றுவிடாமல் இவளை ஹாஸ்டலுக்குக் கூட்டிக்கொண்டுபோய் விட்டு வந்தவர் அவர். அவிழ்க்காமல் ஓட்டினால் அரை மணியில் மூன்றாவது கோடு. ரெண்டு பக்கமும் அடைத்துவிட்டது. அன்று அந்தக் கொல்லையில் அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"மூணாவது மோட்டாரு எங்கண்ணே வச்ச?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. உள்ளே போய்க் கூட்டத்தைப் பார்த்து அவள் சொன்னது இவ்வளவுதான்: இந்த மோட்டாருக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு வேண்டும், அது காப்போடு அப்படியே இருக்கட்டும், அதன் இடத்தில் அதன் ஜோடியை வைக்கிறேன். சகுந்தலாவிடம் ஒரு முறம் கேட்டாள். முறத்தில் ரெண்டு கை சாமையைப் பரப்பச் சொன்னாள்.

நான்கு போல்ட்டு, ரெண்டு பிளக், பல்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஒரு கிளாம்ப். சூடான மோட்டாரைக் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு தூக்கினேன், துணி அவிழவில்லை, ஒரு துளி சந்தனம் உதிரவில்லை. முறத்தில் சாமை மேல் உட்கார வைத்தோம். புது மோட்டாரை ஏற்றி, பிளக்கைச் சொருகினாள். பழைய மோட்டாருக்குச் சொல்லி வைத்திருந்த அளவெல்லாம் மிஷினின் சின்னப் பெட்டியிலிருந்து தானாகவே புதுசுக்கு இறங்கியது. ஒரு ஒயரைக்கூடத் தொடவில்லை. பன்னிரண்டு நிமிஷம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பழைய மாதிரி மிஷினாக இருந்தால் அன்று பொழுதுக்கும் ஓடியிருக்காது.

ஆனால் சகுந்தலா சாக்பீஸை எடுத்து மூன்றாவது கோட்டையும் போட்டுவிட்டார்.

ஆறும் வரை காத்திருந்தால் ரெண்டாவது கோட்டிலேயே சேரும், மோட்டாரையே கழற்றினால் அது தனி நிறுத்தம்; ரோல் மாற்றத்தான் நிறுத்தலாம் என்று பேச்சு, மோட்டார் மாற்ற அல்ல என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். அன்பரசி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். காரணத்தைச் சொன்னால் கோடு அழியும். சொன்னால் பெரியப்பா தலை குனியும். அவள் சொல்லவில்லை. எனக்கு அவள் மேல் வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. எட்டு மாத வேலை, இந்த மோட்டாரை வைத்து அவள் செய்த முதல் மிஷின், பிறந்த ஊரில் தோற்று இறங்கினால் இந்த மலையில் இன்னொரு கதவு இவளுக்குத் திறக்காது. இது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மிச்ச அரிசியைப் போட்டு முடியுங்கள், காப்புக் கட்டி எடுத்த லாட்டைப் பாதியில் விடக் கூடாது என்று கவுண்டர் சொன்னார். அதனால் மிஷின் ஓடியது. இருபது வேகத்திலேயே ஓடியது. சூடு நாற்பத்து மூன்றில் ஏறி அங்கேயே நின்றது. ஆயிரத்து அறுநூறு பாக்கெட், ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல், ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. எவ்வளவு நன்றாக ஓடியதோ அவ்வளவு வயிறு எரிந்தது எனக்கு. அதைக் கீழே இறக்க எட்டுப் பேரை மறுபடியும் எங்கே தேடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அன்பரசி திரைக்குப் பக்கத்திலேயே நின்றாள். இப்போது அவளுக்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

கடைசி பாக்கெட் விழுந்தது. காப்பு அவிழ்க்கிற நேரம். கவுண்டர் முறத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். முடிச்சை அவிழ்த்து, மூன்று சுற்றையும் பிரித்தார். காலையில் களிம்பாக அப்பிய சந்தனம் ஓடாகக் காய்ந்து இறுகிப் போயிருந்தது. ஒரு துண்டு பெயர்ந்து அவர் கையில் வந்தது. துணியின் உள்பக்கம் ஒரு சாண் அளவுக்குப் பழுப்பேறியிருந்தது. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்து போய், ஓடி முடித்த மோட்டாரின் வரிகளின் மேல் உள்ளங்கையை வைத்தார். கை சுடவில்லை.

"ஒனக்கு எப்பம்மா தெரியும்?"

"ரெண்டாவது வாட்டி நின்னப்ப, பெரியப்பா."

"மிஷினு கீழ போயிருக்குமே. ஏன் சொல்லல?"

காலையில தட்டைப் பிடிச்சிட்டு நின்னது நாந்தான், எனக்குத் தெரிஞ்சிருக்கணும் என்று மட்டும் சொன்னாள்.

கூட்டத்துக்கு இன்னும் விளங்கவில்லை. கவுண்டர் சந்தன ஓட்டைக் கையில் உயர்த்திக் காட்டினார். பிள்ளைக்கு மூக்கையும் வாயையும் பொத்திப் போர்த்திவிட்ட மாதிரி நான் பண்ணிவிட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அவர் ஊர் நடுவில் தப்பென்று ஒன்றை ஒத்துக்கொண்டு அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லையாம், சகுந்தலா எனக்கு அப்புறம் சொன்னார். பிறகு கரும்பலகைப் பக்கம் போய், மூன்று கோட்டையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சகுந்தலா, மிஷினு நின்னதுன்னு எழுதாத. சின்னதம்பி மூணு வாட்டி நிறுத்துனான்னு எழுது."

சகுந்தலா சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். ஊர்க் கவுண்டர் பேரை அப்படி எழுத யாருக்குத்தான் கை வரும். அவர் எழுது என்று இன்னொரு முறை சொன்னார். சகுந்தலா எழுதினார். அன்பரசி அதைப் படித்துவிட்டு, மிஷின் காலடியிலேயே உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் அழுதாள்.